புகழும் வரிசையும்: உயர்கல்விக் கூடங்களைத் தரம் பிரித்த வரலாறு

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் மேற்படிப்பை நாடாத இல்லம் இக்காலத்தில் அரிது. மகனையேனும் மகளையேனும் வைத்தியம், சட்டம், வாணிக நிருவாகம் முதலிய துறைகளிற் பயில அனுப்பக் கருதும் பெற்றோர் ஆசிரியராகிய நம்மை அணுகி முதற்கண் வினவுவது, "அந்தக் கல்லூரி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?" என்பதே. ஆங்குக் கற்பிப்போர் யாவர், நோயாளர் வந்து பயன்பெறும் மருத்துவமனை உண்டா, சம்பளம் எவ்வளவு, ஏழை மாணாக்கர்க்கு உதவி கிடைக்குமா என்பன எல்லாம் பின்னரே வரும். சிலரிடத்து வாராமலே போதலும் உண்டு. உள்ள நிலத்தை ஒற்றி வைத்துச் சம்பளம் கட்டும் குடும்பத்தார் இவ்வொரு வினாவை நம்பியே துணிகின்றனராதலின், 'எத்தனையாவது' என்னும் இது எப்பொழுது, யாரால், எதன்பொருட்டு எழுந்தது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. இவ்வழக்கம் பிறந்து வளர்ந்தது அமெரிக்க ஐக்கிய நாட்டிலாதலின், அந்நாட்டு வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளநூற் பேராசிரியராய் விளங்கிய ஜேம்ஸ் மக்கீன் காட்டெல் என்பார், அந்நாட்டு அறிவியலாரின் பெயர்க்கோவை ஒன்றை 1906-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பொருட்டு அவர் கைக்கொண்ட முறை புதுமையானது. அறிவியலைப் பன்னிரண்டு துறைகளாகப் பகுத்து, ஒவ்வொரு துறையிலும் பெயர்பெற்ற பதின்மரைத் தெரிந்து, அத்துறையாரைத் தகுதிபற்றி முன்பின்னாக அடுக்கித் தருமாறு வேண்டினார். இங்ஙனம் தேர்ந்த ஆயிரவர் பெயர்க்கு நேரே நட்சத்திரக்குறி இடப்பெற்றது. பெயர்க்கோவையின் இரண்டாம் பதிப்பு வெளிவந்த 1910-ஆம் ஆண்டில், நட்சத்திரம் பெற்றோர் எவ்வெப் பல்கலைக்கழகத்தில் எத்துணையர் உளர் என எண்ணி நிறுவனங்களையும் அவர் வரிசைப்படுத்தினார். ஆர்வர்டு முதலிடம் பெற்றது. பல்கலைக்கழகங்களுக்கு எண்ணிட்டு அடுக்கும் வழக்கத்தின் வேர் இதுவே எனலாம்.

அவர் எண்ணியது ஆசிரியரின் புகழை மட்டுமே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மாணாக்கர் யாது கற்றனர் என்பது அப்பட்டியலிற் புகவில்லை. நட்சத்திரம் பெற்ற பேராசிரியர் வகுப்பிற்கே வாராதவராயினும் கல்லூரிக்கு ஒரு நட்சத்திரம் கூடிவிடும்! இக்குறை பின்வந்த பட்டியல்கள் பலவற்றிலும் தொடர்ந்து வந்தது.

அதே காலத்தில் அரசாங்கமும் இவ்வேலையிற் கைவைத்தது. கல்லூரிப் பட்டம் பெற்று மேற்படிப்புக்கு வருவோருள் யாரை நேரே சேர்க்கலாம், யாரை மேலும் சிலகாலம் ஆயத்தம் செய்விக்க வேண்டும் என்பது பெரும்பல்கலைக்கழகங்கட்குச் சங்கடமாய் இருந்தது. அவற்றின் வேண்டுகோட்கிணங்கி, நடுவண் அரசின் கல்விச்செயலகத்தைச் சேர்ந்த கென்றிக் பாப்காக் என்பார் 344 கல்லூரிகளை ஆராய்ந்து 1911-ஆம் ஆண்டில் வகுப்புக்களாகப் பிரித்தார். முதல் வகுப்பில் இடம்பெற்றவை 59 மட்டுமே. இஃது அலுவலகத்துள் அடங்கியிருக்க வேண்டிய கைப்படி. ஆயினும் பத்திரிகைகளின் கைக்கு எட்டிவிட்டது. இரண்டாம் வகுப்பில் தள்ளப்பட்ட கல்லூரித் தலைவர்கள் வெகுண்டெழுந்தனர். குடியரசுத் தலைவர் டாப்டு அதனை வெளியிடலாகாதெனத் தடுத்தார். அவர்க்குப் பின்வந்த உட்ரோ வில்சன், தாமே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்தவர். அவரும் அத்தடையை நீக்கினாரல்லர். வாக்குக்கேட்டு ஆட்சிக்கு வருவோர், கல்லூரிகளைத் தரம்பிரித்துப் பகை தேடிக்கொள்ள விரும்பார் என்பது வெளிப்படை. அரசு கைவிட்ட இடத்தைப் பின்னர்ப் பிறர் நிரப்பினர்.

இனி வைத்தியக் கல்லூரிகளின் வரலாற்றுக்கு வருவோம். நம் பொருளில் மிகவும் கனமான பகுதி இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு வைத்தியக் கல்லூரிகளிற் பல, வைத்தியர் சிலர் கூடி முதலிட்டு நடத்திய வாணிகங்களாகவே இருந்தன. மாணாக்கர் கட்டும் சம்பளத்தை ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்வர். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதாரும் சேரலாம். பிணத்தை அறுத்துப் பாராமலும், நோயாளியின் நாடியைத் தொடாமலும் பட்டம் பெற்று ஊர்புகுந்தோர் பலர். அமெரிக்க வைத்தியர் சங்கம் 1904-ஆம் ஆண்டில் கல்விக்குழு ஒன்றை நிறுவி, 1906-ஆம் ஆண்டில் 160 கல்லூரிகளைச் சோதித்தது. அவற்றுள் 82 முதல் வகுப்பிலும், 46 இரண்டாம் வகுப்பிலும், எஞ்சிய 32 மூன்றாம் வகுப்பிலும் வைக்கப்பெற்றன. வைத்தியர் தம் தொழிலினரையே ஊரறியக் குறைகூறுதல் முறையன்றென அம்முடிவை அச்சங்கம் வெளியிடாது, கார்னீகி அறநிலையத்தை நாடியது. அந்நிலையம் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பாரிடம் இவ்வேலையை ஒப்புவித்தது.

பிளெக்ஸ்னர் வைத்தியரல்லர், கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர். நம் தொழிலினர் ஒருவர் வைத்திய உலகையே நடுங்கச் செய்தார் என்பதைச் சொல்லும்போது நமக்குச் சிறிது பெருமிதம் எழுவதை மறைக்கவில்லை. ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் இருந்த 155 கல்லூரிகளையும் ஒன்றரை ஆண்டுக்குள் பார்வையிட்டார். சேர்க்கைக்கு வேண்டும் தகுதி யாது, ஆசிரியர் எத்துணையர், வருவாய் எங்கிருந்து வருகின்றது, சோதனைச்சாலை உண்டா, மருத்துவமனையில் மாணாக்கர்க்கு இடமுண்டா என்னும் ஐந்தையுமே அவர் நோக்கினார். ஐயோவா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் அறைதோறும் 'உடற்கூற்றியல்', 'உடலியல்' என்றாற்போன்ற பலகைகள் தொங்கின, கதவுகளோ பூட்டியிருந்தன. திறவுகோல் வைத்திருப்பவன் இல்லையென்று தலைவர் கூறினார். பிளெக்ஸ்னர் விடைபெற்றுப் புகைவண்டி நிலையம் வரை சென்று, தனியே திரும்பிவந்து, காவலனுக்கு ஐந்து டாலர் கொடுத்துக் கதவுகளைத் திறப்பித்தார். உள்ளே மேசையும் நாற்காலிகளும் கரும்பலகையுமே இருந்தன. இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்துள்ளார்.

அவர்க்கு உரைகல்லாய் அமைந்தது, 1893-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரிற் றொடங்கிய ஜான்ஸ் ஆப்கின்ஸ் வைத்தியக் கல்லூரி. அதனோடு ஒப்பிட்டே ஏனையவற்றை மதித்தார். 1910-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது அறிக்கை, 155 கல்லூரிகளுக்கு 31 போதும் என்று துணிந்து கூறியது. அறிக்கை வெளிவருமுன்னரே மூடலும் இணைதலும் தொடங்கிவிட்டன. அறிக்கை அவற்றை விரைவுபடுத்தியது. 1920-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டில் 85 கல்லூரிகளும், 1935-ஆம் ஆண்டில் 66 கல்லூரிகளுமே நின்றன. பின்னர் ராக்பெல்லர் செல்வத்தால் நடந்த பொதுக்கல்விக் குழுவில் பிளெக்ஸ்னரே அமர்ந்தார். பெருந்தொகைகள் உயர்ந்தவையெனக் குறிக்கப்பெற்ற கல்லூரிகளுக்கே சென்றன. ஜான்ஸ் ஆப்கின்ஸுக்கு 1913-ஆம் ஆண்டிற் கிடைத்தது பதினைந்து இலட்சம் டாலர். பட்டியலில் மேலே நின்றது பொருளும் பெற்றது. பொருள் பெற்றது மேலும் உயர்ந்தது.

போலிக் கல்லூரிகள் ஒழிந்தமையால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் சங்கம் போன்றவை கூர்ந்து நோக்க வேண்டிய பக்கம் ஒன்று இதற்குண்டு. அக்காலத்தில் அமெரிக்க நீக்ரோவர் எனப்பட்ட கறுப்பின மக்கட்கென ஏழு வைத்தியக் கல்லூரிகள் இருந்தன. வெள்ளையர் கல்லூரிகளுள் பெரும்பாலன அம்மக்களை வாயிலிலும் ஏற்றுவதில்லை. பிளெக்ஸ்னர் அவ்வேழனுள் வாசிங்டனிலுள்ள ஓவர்டும், நாஷ்வில்லிலுள்ள மெஹாரியுமே வளர்த்தற்குரியன என்றார். ஏனைய ஐந்தும் 1923-ஆம் ஆண்டிற்குள் மறைந்தன. அக்கல்லூரிகளில் கருவிகள் குறைவு, சோதனைச்சாலைகள் சிறியன. அவர் கண்டது பொய்யன்று. ஆனால் அடிமைத்தளையினின்று விடுபட்டு ஐம்பதாண்டும் நிரம்பாத ஒரு சமூகம், தன் கைப்பொருளும் திருச்சபைகளின் உதவியும் கொண்டு எழுப்பிய கூடங்களை, கோடீசுவரர் கொடையால் எழுந்த ஆப்கின்ஸின் அருகே நிறுத்தி அளந்தால் விடை வேறென்னாகும்? குறையைக் கண்டவிடத்துப் பொருள்கொடுத்து நிறைவிப்பதும் ஒரு வழி. மூடிவிடுவதும் ஒரு வழி. ஆங்கு இரண்டாவதே நடந்தது. அன்றியும், கறுப்பின வைத்தியரை வேண்டுவதற்கு அவர் கூறிய காரணங்களுள், அம்மக்களின் நோய் வெள்ளையரைத் தொற்றாமற் காத்தலும் ஒன்று. அவர்க்குச் சத்திர சிகிச்சையினும் சுகாதாரப் பயிற்சியே தகும் என்றும் எழுதினார். அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் கழகம், தான் ஆண்டுதோறும் வழங்கிவந்த பரிசினின்று பிளெக்ஸ்னர் பெயரை 2020-ஆம் ஆண்டில் நீக்கியது இவை கருதியே.

பெண்களுக்கெனவே அப்பொழுது மூன்று வைத்தியக் கல்லூரிகள் இருந்தன. அவற்றுள் எஞ்சி நின்றது பிலடெல்பியாவில் இருந்தது ஒன்றே. புனா நகரத்து ஆனந்திபாய் ஜோஷி 1886-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றதும், வேலூரில் மருத்துவப் பணி புரிந்த ஐடா ஸ்கடர் அம்மையார் கார்னெல்லுக்கு மாறுமுன் பயின்றதும் அக்கல்லூரியே.

இது நிற்க. கலை, அறிவியல் ஆகியவற்றின் மேற்படிப்புத் துறைகளை வரிசைப்படுத்தும் வேலை 1925-ஆம் ஆண்டில் வேறொருவரால் தொடங்கப்பெற்றது. ஒகாயோ மாநிலத்து மையாமிப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ரேமண்டு ஹியூஸ் என்பார், தம் மாணாக்கர் மேற்படிப்புக்கு எங்குச் செல்லலாம் என அறிய விரும்பினார். எவ்வளவு எளிய, நேர்மையான நோக்கம்! ஒவ்வொரு துறையிலும் அறிஞர் சிலரது பெயரைத் தம் ஆசிரியரிடம் பெற்று, அவ்வறிஞர்க்குக் கடிதம் விடுத்து, முனைவர் பட்டம் வழங்கும் 38 பல்கலைக்கழகங்களின் துறைகளை மதிப்பிடச் செய்தார். அவரே 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வி மன்றத்தின் சார்பில் மீண்டும் ஆராய்ந்தபோது வரிசை எண்ணை விட்டுவிட்டார். தகுதியுடைய துறைகளை அகரவரிசையில் எழுதி, மிகச் சிறந்தவற்றிற்கு ஒரு குறி மட்டும் இட்டார். பயில்வோர்க்கு இதனின் மிக்க உதவி வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. நாமும் ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்துகின்றோம். நாற்பது எண் பெற்றவனையும் எண்பது எண் பெற்றவனையும் ஐயமின்றிப் பிரித்துரைப்போம். அறுபத்திரண்டினும் அறுபத்துமூன்று உயர்ந்தது என்று சத்தியம் செய்யமாட்டோம்.

1966-ஆம் ஆண்டில் ஆலன் கார்ட்டர் 106 நிறுவனங்களையும், 1970-ஆம் ஆண்டில் ரூஸ், ஆண்டர்சன் இருவர் 130 நிறுவனங்களையும் இம்முறையே ஆராய்ந்தனர். பின்னர்த் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1982, 1995, 2010 ஆகிய ஆண்டுகளில் பேரறிக்கைகள் வெளியிட்டது. கடைசி அறிக்கை ஒரு துறைக்கு ஓர் இடம் என்று கூறாது, 'இவ்விடம் முதல் இவ்விடம் வரை' என்று எல்லை வகுத்துரைத்தது. அறிவாளர் அதனை நேர்மை என்றனர். பொதுமக்களோ, முதல்வர் யார் என்று தெரியாத பட்டியலைத் திரும்பியும் பார்த்திலர்.

பொதுமக்களின் இவ்விருப்பத்தை அறிந்த பத்திரிகை ஒன்று அதற்குள் களத்தில் இறங்கிவிட்டது. 'யு.எஸ். நியூஸ் அண்டு வேர்ல்டு ரிப்போர்ட்' என்னும் வார இதழ், 1983-ஆம் ஆண்டில் கல்லூரித் தலைவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுப் பட்டியல் ஒன்று வெளியிட்டது. ஸ்டான்போர்டு முதலாவது, ஆர்வர்டு இரண்டாவது என்றது அப்பட்டியல். 1987-ஆம் ஆண்டில் சட்டம், வைத்தியம், பொறியியல், வாணிகம் ஆகிய தொழிற்கல்லூரிகளையும் அடுக்கியது. 1990 முதல் இஃது ஆண்டுச் சடங்காயிற்று. 'பிசினஸ் வீக்' என்னும் இதழ் 1988-ஆம் ஆண்டில் வாணிகக் கல்லூரிகளைப் பற்றி மாணாக்கரையும் வேலை கொடுப்போரையும் வினவி, பலரும் எதிர்பாராவண்ணம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் கல்லூரியை முதலில் வைத்தது.

புகழைக் கேட்டு எழுதும் முறையின் மெலிவை விளக்க ஒரு நிகழ்ச்சி சாலும். மிசிகன் மாநிலத்து உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த தாமஸ் பிரென்னன் என்பார், வழக்கறிஞர் ஏறத்தாழ நூற்றுவர்க்குப் பத்துச் சட்டக் கல்லூரிகளின் பெயரை அனுப்பித் தரம்படுத்தித் தருமாறு கேட்டார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில் இருந்தது. நடுத்தரமான இடத்தையும் பெற்றது. அப்பொழுது அப்பல்கலைக்கழகத்திற்குச் சட்டக் கல்லூரியே கிடையாது! சட்டம் கற்றோர் நூற்றுவர், இல்லாத கல்லூரிக்குத் தரம் கூறினர். அவர்கள் பொய்யரல்லர்; அறிந்த பெயராயிருந்ததால் நல்லதாகவே இருக்கும் என்று எண்ணினர். எஸ்பிலண்டு, சாடர் என்னும் சமூகவியலார் இருவர் சட்டக் கல்லூரிகளை நெடுங்காலம் ஆராய்ந்து, முந்திய ஆண்டின் வரிசையே அடுத்த ஆண்டின் அபிப்பிராயத்தை உருவாக்குகின்றது என்று காட்டினர். புகழைக் கேட்டு வரிசை எழுதப்பெறுகின்றது. அவ்வரிசையைப் படித்துப் புகழ் எழுகின்றது. நிழலை அளந்து மரத்தின் உயரம் சொல்லலாம். நிழலை அளந்து நிழலின் உயரம் சொல்லுதல் யாங்ஙனம்?

வரிசை பெரிதாகவே வஞ்சனையும் வந்தது. சேர்க்கைத் தேர்வில் மாணாக்கர் பெற்ற எண்களை உயர்த்திக் காட்டியதாக வில்லனோவாச் சட்டக் கல்லூரியும் இல்லினாய்ச் சட்டக் கல்லூரியும் 2011-ஆம் ஆண்டில் அகப்பட்டன. பின்னதற்கு வழக்கறிஞர் கழகம் இரண்டரை இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் வாணிகக் கல்லூரி, பொய்க்கணக்குக் கொடுத்தே தொலைவழி வகுப்புக்களில் முதலிடத்தை நான்கு முறை பெற்றது. அதன் தலைவராயிருந்தவர் 2022-ஆம் ஆண்டிற் பதினான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டில், கொலம்பியாப் பல்கலைக்கழகம் கொடுத்த கணக்குப் பொருந்தாதென அதன் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் என்பாரே ஆராய்ந்து வெளியிட்டார். இரண்டாம் இடத்திலிருந்த அஃது பதினெட்டாம் இடத்திற்கு இறங்கிற்று. தன் நிறுவனத்தின் பெருமையினும் கணக்கின் உண்மையைப் பெரிதென மதித்த அவ்வாசிரியரை நாம் மனமார வாழ்த்துகின்றோம்.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பட்டியல் தொடங்கிய நாள்முதல் முதலிடத்தை விடாது வைத்திருந்த யேல் சட்டக் கல்லூரி, இனி அவ்விதழுக்குக் கணக்குத் தருவதில்லை என்று அறிவித்தது; அன்றைக்கே ஆர்வர்டும் தொடர்ந்தது. அவர்கள் கூறிய காரணங்களுள் இரண்டு நம்போன்றோர்க்கு இன்றியமையாதன. ஏழைகட்காக வழக்காடும் பொதுநலப் பணிக்குக் கல்லூரியே ஊதியம் கொடுத்து அனுப்பும் மாணாக்கரை அப்பட்டியல் முழு வேலை பெற்றோராக மதிக்கவில்லை என்பது ஒன்று. தேர்வெண் உயர்ந்தோரைச் சேர்த்தால் இடம் உயர்தலின், உதவித்தொகை வறியோரை விட்டு அவ்வெண் பெற்றோர்க்கே செல்கின்றது என்பது மற்றொன்று. தேர்வெண் உயரப் பணங்கொடுத்துப் பயிற்சி பெறுவோர் எவர் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முதலிடத்திலிருப்பவர் விலகுதல் எளிது, கடையிடத்திலிருப்பவர்க்கு அத்துணிவு வருமா என்று சிலர் நகைத்தனர், அதுவும் உண்மையே. ஆயினும் அடுத்த ஆண்டு அவ்விதழ் தன் அளவுகோலை மாற்றி, பிறர் அபிப்பிராயத்திற்குக் கொடுத்த பங்கைக் குறைத்தது. 2023 ஜனவரியில் ஆர்வர்டு வைத்தியக் கல்லூரியும் வேறு சிலவும் விலகின. 2024-ஆம் ஆண்டில், வைத்தியக் கல்லூரிகளுக்கு எண்ணிடுதலை விடுத்து நான்கு படிகளாக மட்டும் பிரித்தது அவ்விதழ். 1906-ஆம் ஆண்டில் வைத்தியர் சங்கம் மூன்று வகுப்பாகப் பிரித்ததை ஈண்டு நினைவுகூர்க.

நம் நாட்டிலும் நடுவண் அரசு தேசியத் தரவரிசை முறை ஒன்றை 2015-ஆம் ஆண்டில் வகுத்து, 2016 முதல் பட்டியல் வெளியிட்டு வருகின்றது. அமெரிக்க அரசு 1911-இல் அஞ்சிக் கைவிட்டதை நம் அரசு துணிந்து மேற்கொண்டது. 2018 முதல் வைத்தியமும் சட்டமும் அதிற் சேர்ந்தன. 2024-ஆம் ஆண்டின் வைத்தியப் பிரிவில் தில்லியும் சண்டிகரும் முதலிரண்டு இடங்களைப் பெற, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மூன்றாம் இடம் பெற்றது.

மேலே பெயர் கூறிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டிற் பெண்களுக்கெனத் தொடங்கிய வைத்தியப் பள்ளியே அக்கல்லூரி. அன்று அதற்குப் பட்டம் பெறுவிக்கும் நிலை இல்லை. வைத்தியம் செய்ய உரிமம் தரும் கீழ்ப்படிப்பே ஆங்கு நடந்தது. பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு 1942-ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆடவர் 1947-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பெற்றனர். பிளெக்ஸ்னர் தம் குறிப்பேட்டுடன் 1918-ஆம் ஆண்டில் வேலூர்ப் புகைவண்டி நிலையத்தில் வந்து இறங்கியிருந்தால், அப்பள்ளியை எந்த வகுப்பில் எழுதியிருப்பார் என்பதை நம் வாசகர்களே கூறுவார்களாக.